யோசேப்பு ஏன் அழுதான்?



ஆதியாகமம் 41-ம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். யோசேப்பு தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பேரிடுகிறான். பட்ட பாட்டையும் தகப்பன் வீட்டையும் தேவன் மறக்கப்பண்ணினார் என்பதே காரணம் (வச. 51). 17 வயதில் சொந்த அண்ணன்மாரே விற்றுப்போட்ட பிள்ளை. ஆனா மறந்துட்டானா? மறக்கலியே! அண்ணன்மாரைக் கண்டதும் ஒதுங்கிப்போய் அழுகிறான் (42:24). 45-ம் அதிகாரத்தில் எகிப்தியர் காதிலேயே விழுமளவுக்கு அழுகிறான்.

என்னிடம் ஜெபத்துக்கு வருகிற தகப்பன்மாரில் சிலர், பிள்ளையை அடித்துவிட்டு வந்து அழுகிறவர்கள். "ஐயா, எங்கப்பா மாதிரி ஆகக்கூடாதுன்னுதான் நெனச்சேன்" என்பார்கள். அடிபட்டு வளர்ந்தவனுக்குப் பிள்ளையின் அழுகை வெறும் அழுகையாகக் கேட்பதில்லை. உடம்பு பதறுகிறது, கை முந்திவிடுகிறது. பிறகு நீதிமொழிகளில் பிரம்பைத் தேடுவார்கள். (கோபம் வந்தபின் வசனம் தேடுவது தனி வியாதி.)

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் சான் டியேகோ பட்டணத்தில் 1995 முதல் 1997 வரை 17,000-க்கு மேற்பட்ட பெரியவர்களிடம் டாக்டர்கள் விசாரித்தார்கள். சிறுவயதில் அடி, வசை, வீட்டில் குடி, தாய் அடிபடுவதைப் பார்த்தது, இப்படி. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஏதாவது ஒன்றையாவது சொன்னார்கள். பெரும்பாலும் படித்த ஜனங்கள்தான்! இவை கூடக்கூட இருதய வியாதியும் மனச்சோர்வும் குடியும் கூடக் கண்டார்கள்.

அப்படியானால் அடிபட்ட எல்லாரும் அடிப்பார்களா? இல்லை. செல்மா ஃபிரைபெர்க் என்ற அம்மையாரும் உடன் ஊழியரும் 1975-ல் எழுதியதைக் கவனியுங்கள். நடந்தது ஞாபகமிருந்தும் அன்றைய வலியைப் புதைத்துவிட்ட பெற்றோரே அதைத் தம் பிள்ளைக்கும் செய்துவிடுகிறார்கள். வலியை உணர்ந்து அழ முடிந்தவர்கள் பிள்ளையைக் காப்பாற்றுகிறார்கள். யோசேப்பு அழுதவன். மனாசேயின் பேரப்பிள்ளைகள் அவன் மடியிலேயே வளர்ந்தார்கள் (50:23).

ஹவாயில் கவாய் என்றொரு தீவு. 1955-ல் அங்கே பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் என்பவரும் கூட்டாளிகளும் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். மிகக் கஷ்டமான வீட்டுப் பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர் நன்றாகத் தேறினார்கள். அப்படித் தேறினவர்களுக்குப் பாட்டியோ, வாத்தியாரோ, சபையாரோ, யாராவது ஒருவர் கூட இருந்தார்.

ஆகவே பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகிற சகோதரிகளே, ஜெபிச்சு, காப்பி குடிச்சிட்டு வந்துடாதீங்க. குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு தாயை ஒரு மணிநேரம் தூங்கவிடுங்கள். அவள் தன் சிறுவயதைச் சொல்ல ஆரம்பித்தால், "பழசை மறந்துடும்மா" என்று வாயடைக்காமல் கேளுங்கள். கேட்டதை அடுத்த வீட்டில் ஜெபக்குறிப்பாக்க வேண்டாம்! சகோதரர்களுக்கும் இதே வேலை உண்டு, தகப்பன்மார் பக்கத்தில் உட்காருங்கள். ஆனால் ஒரு பிள்ளை இப்போது அடிபடுகிறது என்று தெரிந்தால் மூடிவைக்காதீர்கள். 1098-க்குப் போன் போடுங்கள், பிறகு முழங்கால் போடலாம்.