முதல் கார் வாங்கும் தம்பி தங்கைகளுக்கு

1. இன்சூரன்ஸ் தொகையைக் கேட்டதும் மலைக்காதீர்கள், அதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான ‘தேர்டு பார்ட்டி’ கட்டணம் அரசு வைத்தது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதுதான். புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்தே கட்டவேண்டும். குறைக்க வழியிருப்பது நம் வண்டியின் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதியில்தான்.

2. கார் பதிவான ஊரும் கணக்கில் வரும். சென்னை ‘ஏ’ மண்டலம். மதுரை, கோவை, திருச்சி எல்லாம் ‘பி’. சென்னை வண்டிக்குப் பிரீமியம் சற்றுக் கூடுதலாகவே வரும். அதற்காகச் சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்ய நினைக்காதீர்கள்.

3. ஐ.டி.வி.யை, அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறிக்கும் மதிப்பைக் குறைத்து, பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவார்கள். ஏமாறாதீர்கள். வண்டி திருடுபோனால் உங்கள் கைக்கு வருவது அந்தத் தொகைதான்.

4. நான் மிகவும் வற்புறுத்துவது நோ க்ளெய்ம் போனஸ். க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் முதல் ஆண்டு முடிவில் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கழியும். அந்தப் பகுதி 10,000 ரூபாய் என்றால் பாதி மிச்சம். இந்த நிலையில் பம்பர் கீறலுக்கு 3,500 ரூபாய் க்ளெய்ம் போட்டால் என்ன ஆகும்? கட்டாயக் கழிவாகச் சின்ன வண்டிக்கு 1,000 ரூபாய் போய்விடும். பிளாஸ்டிக் பாகத்தை மாற்றினால் தேய்மானமாக அதன் விலையில் பாதியும் போகும். மிஞ்சும் சில நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு 5,000 ரூபாய் தள்ளுபடியை இழப்பீர்கள். சின்ன வேலையைக் கைக்காசில் முடியுங்கள். இன்னொன்று: இந்த போனஸ் உங்களுடையது, காருடையது அல்ல. பழைய காரை விற்கும்போது கம்பெனியிடம் சான்று வாங்கி, புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

5. சென்னையில் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்கள் ‘எஞ்சின் புரொடெக்ட்’ சேர்க்கத் தயங்கவேண்டாம். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் எத்தனை கார்கள் மூழ்கின! தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் கெட்டால், சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது கடினம். புது வண்டிக்கு, தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ‘பம்பர் டு பம்பர்’ போடுங்கள். மற்ற சில்லறைச் சேர்க்கைகளை விட்டுவிடலாம்.

6. ஷோரூமில் நீட்டும் பாலிசியையே வாங்கவேண்டும் என்ற சட்டம் இல்லை. ஒரே ஐ.டி.வி., ஒரே சேர்க்கைகள் வைத்து மூன்று நான்கு இடத்தில் விலை கேளுங்கள். ஏற்கெனவே 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால் அதைச் சொல்லி, இரண்டாவது முறை கட்டாதீர்கள்.

7. பாலிசி முடியும் தேதியைப் போனில் குறித்துவையுங்கள். புதுப்பிக்காமல் 90 நாள் தாண்டினால் சேர்த்த போனஸ் முழுக்கப் போய்விடும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறையே 2,000 ரூபாய் அபராதம். விபத்தில் யாருக்காவது அடிபட்டால் நஷ்டஈடு உங்கள் தலையில்.