அஞ்சறைப்பெட்டியிலிருந்து அயல்நாட்டுச் சுவை

வெளிநாட்டுச் சமையல் செய்யப்போகிறோம் என்றதும் முதலில் நீளுவது மளிகைப் பட்டியல்தான். ஆலிவ் எண்ணெய், நாலைந்து சாஸ், டப்பாவில் அடைத்த காய்ந்த இலைகள். பில் ஆயிரத்தைத் தாண்டும். பாதி பாட்டில்கள் ஃப்ரிட்ஜ் கதவிலேயே காலாவதியாகும். ஒரு நாட்டுச் சமையலுக்கு அதன் முகத்தைத் தருவது பெரும்பாலும் அதன் புளிப்பும், இறக்கும் நேரத்தில் அதன்மேல் விழும் மணமும்தான். அவை இரண்டையும் பிடித்துவிட்டால், தினமும் வாங்கும் பருப்பும் காயுமே போதும். எண்ணெயும் உப்பும் நம் கையில் இருக்கும்.

1. கடைக்குப் போகும் முன் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பாருங்கள். சீரகம் மொராக்கோவுக்கும் போகும், மெக்சிகோவுக்கும் போகும். எகிப்தில் மல்லி விதை, சீரகம், எள், ஏதாவதொரு கொட்டைப் பருப்பு ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்து, உப்புச் சேர்த்து இடித்து வைத்துக்கொள்வார்கள். துக்கா என்று பெயர். ரொட்டியை எண்ணெயில் தொட்டு இதில் புரட்டிச் சாப்பிடுவது அங்கே வழக்கம். நம் வீட்டில் வேர்க்கடலை போட்டுச் செய்யலாம். இட்லிப் பொடி அளவுக்கு அரைத்துவிடாதீர்கள், பல்லில் கடிபட வேண்டும். வேகவைத்த முட்டை, வெள்ளரி, சுட்ட கத்தரிக்காய் எதன்மேல் தூவினாலும் எடுபடும்.

2. ஆரிகானோ தீர்ந்துவிட்டதா? தொட்டியில் கற்பூரவல்லி இருக்கிறதா பாருங்கள். சளிக்குக் கஷாயம் வைக்கும் அதே இலைதான். உலகின் வேறு மூலைகளில் இதற்கு ‘கியூபா ஆரிகானோ’ என்றே பெயர், மணமும் அந்தக் குடும்பத்து மணம். தக்காளி சாஸ், வதக்கிய குடைமிளகாய், பீன்ஸ் சூப் ஆகியவற்றில் பொடியாக நறுக்கிப் போடலாம். நாலு பேருக்கு இரண்டு இலை தாராளம். அதற்கு மேல் போனால் கஷாய ஞாபகம் வந்துவிடும்.

3. பேஸில் என்று சின்னக் கட்டாக விலைவைத்து விற்பது நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமேதான். சப்ஜா விதையும் இந்தச் செடியுடையதே. ஒரு கிளையைத் தண்ணீரில் போட்டுவைத்தால் வேர் விடும், பிறகு தொட்டியில் நடலாம். இத்தாலியின் ஜெனோவா பக்கத்து பெஸ்டோவை இதில் செய்யும்போது மிக்ஸியை விடாமல் ஓட்டாதீர்கள், சூட்டில் இலை கறுத்துவிடும். கொதிநீரில் பத்து விநாடி முக்கி, உடனே குளிர்ந்த நீரில் போட்டு, பிழிந்து, விட்டுவிட்டு அரைத்தால் பச்சை நிறம் நிற்கும். பைன் கொட்டைக்குப் பதில் முந்திரியோ, தோல் நீக்கிய பாதாமோ போடலாம். தாய்லாந்தில் துளசியையே மிளகாய், பூண்டோடு வதக்கிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். துளசியைச் சமைக்க மனம் வராதவர்களுக்கு அங்கும் திருநீற்றுப்பச்சிலை கைகொடுக்கும்.

4. ஹம்மஸ் கொண்டைக்கடலைச் சட்னி அளவில் நின்றுவிடுவதற்குக் காரணம் இரண்டு: கடலை போதுமான அளவு வேகாதது, எள் விழுதைக் கஞ்சத்தனமாகச் சேர்ப்பது. வெள்ளைக் கொண்டைக்கடலை ஒரு கப் எடுத்து இரவே ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் சேர்த்து வேகவிடுங்கள். சுண்டல் பதம் போதாது. இரண்டு விரலுக்கிடையில் அழுத்தினால் தோல் வழுக்கி, உள்ளே மாவாக வேண்டும்.

கடலை வேகும் நேரத்தில் வெள்ளை எள் அரை கப்பைச் சிறு தீயில் நிறம் மாறாமல், மணம் வரும் வரை மட்டும் வறுத்து, ஆறவிட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டு விழுதாக அரையுங்கள். சிவக்க வறுத்தால் கசக்கும். பெரிய எலுமிச்சம்பழம் ஒன்றின் சாற்றில் ஒரு பல் பூண்டைத் தட்டிப் போட்டுப் பத்து நிமிடம் வைத்தால், பச்சைப் பூண்டின் நெடி அடங்கிவிடும். அந்தச் சாற்றை எள் விழுதில் வடிகட்டி ஊற்றியதும் விழுது சட்டென்று இறுகும். கெட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம். ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கக் கலக்க அது வெளுத்து, இளகி, கரண்டியிலிருந்து தோசைமாவாக வழியும். கடலையை அதன்பிறகு போட்டு, உப்புச் சேர்த்து, மிக்ஸியின் பொறுமை தாங்கும் மட்டும் அரையுங்கள். சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள, பிள்ளைகளுக்கு ரொட்டியில் வெண்ணெய்க்குப் பதில் தடவ நல்லது. புரதமும் நார்ச்சத்தும் ஒரே கிண்ணத்தில் கிடைத்துவிடும்.

5. கிரேக்கர்களின் ஸாட்ஸிகி கிட்டத்தட்ட நம் வெள்ளரிப் பச்சடிதான், தண்ணீர் விடாத பச்சடி. கட்டித் தயிரைத் துணியில் மூட்டை கட்டி, ஃப்ரிட்ஜிலேயே ஒரு கிண்ணத்தின்மேல் நாலு மணி நேரம் வடியவிடுங்கள். துருவிய வெள்ளரியில் உப்புத் தூவிப் பத்து நிமிடம் கழித்து ஒட்டப் பிழியுங்கள். இரண்டையும் கலந்து, பூண்டு, புதினா, சில சொட்டு எலுமிச்சை. தயிரில் வடிந்த நீரைச் சப்பாத்தி மாவு பிசைய எடுத்துக்கொள்ளலாம்.

6. மெக்சிகோ சல்சாவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம். தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து முழுத் தக்காளி, பாதி வெங்காயம், தோலோடு இரண்டு பல் பூண்டு, பச்சை மிளகாய் ஆகியவற்றைக் கருகல் புள்ளி விழும்வரை திருப்பித் திருப்பிச் சுடுங்கள். பூண்டை மட்டும் தோலுரித்து, எல்லாவற்றையும் அம்மியிலோ, மிக்ஸியில் இரண்டு சுற்றிலோ கரகரப்பாக எடுங்கள். உப்பு, எலுமிச்சை, கொத்தமல்லி. மேலே தூவும் பச்சை வெங்காயத்தைக் குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்தால் காட்டம் குறையும்.

7. அந்தச் சல்சாவோடு ராஜ்மா செய்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற இயற்கை நச்சு உண்டு, அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் கொதிக்க வேகவிட வேண்டும். குக்கரில் வைத்தால் கவலையில்லை. சிறு சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் ஊறின ராஜ்மாவை அப்படியே போடுவதுதான் ஆபத்து, அதன் சூடு கொதிநிலையைத் தொடாமலே போகலாம்.

8. மைசூர் பருப்பு வீட்டில் இருந்தால் எத்தியோப்பியாவின் மிஸிர் வொட் செய்து பாருங்கள். ஒரே ஓர் அயல்நாட்டுப் பதார்த்தம்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியிலும் நோன்புக் காலங்களிலும் இறைச்சி, பால், நெய் தொடுவதில்லை. அதனால் அங்கே பருப்புச் சமையல் நன்றாகத் தேறியிருக்கிறது.

முதல் வேலை பொடி. காய்ந்த மிளகாய், மல்லி, கொஞ்சம் வெந்தயம், மிளகு, இரண்டு ஏலக்காய், ஒரு கிராம்பு, சிறு துண்டுப் பட்டை ஆகியவற்றை லேசாக வறுத்து, சுக்குப் பொடியோடு சேர்த்து அரையுங்கள். அவர்களின் பெர்பெரே பொடியில் இன்னும் சில உள்ளூர் விதைகள் விழும், இது அதற்குக் கிட்டே வரும். பிறகு பெரிய வெங்காயம் மூன்றை மிகப் பொடியாக நறுக்கி, எண்ணெயே இல்லாமல் அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் வதக்கவேண்டும். நம் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகும், விடாதீர்கள். வெங்காயத்தின் சொந்த ஈரத்திலேயே அது குழைந்து, சுண்டி, இளம்பழுப்பாகும். அடி பிடித்தால் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். இருபது நிமிடமாவது ஆகும். அதன்பிறகு இரண்டு கரண்டி எண்ணெய், பொடி இரண்டு தேக்கரண்டி, இஞ்சி பூண்டு சேர்த்து வதக்கி, கழுவிய பருப்பு முக்கால் கப்பும் தண்ணீரும் விட்டுக் குழைய வேகவிடுங்கள். வெங்காயம்தான் இங்கே கெட்டிப்படுத்துகிறது, தேங்காயும் வேண்டாம், முந்திரியும் வேண்டாம். அங்கே டெஃப் என்னும் சிறுதானியத்தை அரைத்துப் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்த, கண்ணு கண்ணாக இருக்கும் இஞ்சராவோடு சாப்பிடுவார்கள். நம் கேழ்வரகு தோசையைத் திருப்பிப் போடாமல் மூடி வேகவைத்தால் ஜோடி சேரும்.

9. தாய்லாந்துக் குழம்புக்குத் தேங்காய்ப்பாலை நம் வழக்கத்துக்குத் தலைகீழாகச் சேர்க்கவேண்டும். நாம் கெட்டிப்பாலைக் கடைசியில் ஊற்றி இறக்குவோம். அவர்கள் கெட்டிப்பாலை முதலில் வாணலியில் ஊற்றி எண்ணெய் பிரியும்வரை சுண்டவைத்து, அந்த எண்ணெயிலேயே அரைத்த மசாலாவை வதக்குவார்கள். வேறு எண்ணெய் தேவைப்படாது. வீட்டில் பிழிந்த பாலே இதற்குச் சரி, டப்பாப் பாலில் கெட்டிப்படுத்திகள் சேர்த்திருந்தால் எண்ணெய் எளிதில் பிரியாது. அவர்களின் ‘கா’ கிழங்கு நாட்டு மருந்துக் கடைப் பேரரத்தைதான். காய்ந்ததாகக் கிடைத்தால் ஒரு துண்டைத் தட்டிக் கொதிக்கவிட்டு எடுத்துவிடுங்கள். மக்ரூட் எலுமிச்சை இலைக்குப் பதிலாக நார்த்தை இலையை நரம்பு நீக்கிப் போடலாம், வேப்பிலைக்கட்டி இடிப்பவர்களுக்கு அந்த மணம் பழக்கமானதே.

10. சீன முறையில் காய் வதக்கும்போது நம் வீட்டு அடுப்பின் சக்தி தெரிந்து நடக்கவேண்டும். ஓட்டல் தீ நம்மிடம் கிடையாது. நாலு பேருக்கான காயை மொத்தமாகக் கொட்டினால் வாணலி குளிர்ந்து காய் தன் தண்ணீரிலேயே அவியும். கழுவிய காயைத் துணியில் துடைத்து, இரண்டு பேருக்கான அளவாகப் பிரித்து, இரும்பு வாணலி புகையும் தறுவாயில் போடுங்கள். கேரட் முன்னால், முட்டைகோஸ் பின்னால், வெங்காயத்தாள் கடைசியில். ப்ரோக்கோலித் தண்டை எறியாதீர்கள், தோல் சீவினால் உள்ளே நூக்கல் ருசி.

ஃப்ரைடு ரைஸுக்கு ஆறின சோறு சரி, ஆனால் காலையிலிருந்து மேசையில் கிடந்த சோறு வேண்டாம். வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆற்றி, சீக்கிரமே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியே கிடக்கும் சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது.

11. சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே சாஸ் விழுகிற நாளில் உப்பு டப்பாவைத் தொடவேண்டாம். தக்காளி கெச்சப்பில் ஏறக்குறைய கால் பங்கு சர்க்கரை. பிள்ளைகள் தொட்டுக்கொள்ள மேலே சொன்ன சல்சாவைப் பழக்குவது நல்லது.

12. அஜினமோட்டோ இல்லாமல் அந்த ருசி வருமா என்று கேட்கிறவர்கள் உண்டு. தாராளமாக வரும். 1908இல் ஜப்பானிய வேதியியலர் கிகுனே இகேதா கொம்பு என்ற கடற்பாசியில் கண்டறிந்த குளூட்டமேட்தான் அந்த உப்பின் சாரம். அது தக்காளியிலும் காளானிலும் சீஸிலும் இயற்கையாகவே உண்டு. காளானை உப்புப் போடாமல், கிளறிக்கொண்டே இராமல், தண்ணீர் வற்றிச் சிவக்கும்வரை வாணலியில் விட்டாலே பாதி வேலை முடிந்தது. மீன் சாப்பிடுகிற வீடுகளுக்கு இன்னொரு வழி மாசி. ஜப்பானியர் சூப்புக்குப் போடும் கட்சுவோபுஷியும், இலங்கைச் சம்பலில் விழும் மாசியும் சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, காயவைத்துச் செய்பவையே. ஒரு தேக்கரண்டி மாசித் துருவலை வெந்நீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அதில் காளான், கீரைத்தண்டு, வெங்காயத்தாள் போட்டால் சூப் தயார்.

13. கொரிய, சீனச் சமையலின் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. தாளிக்க அல்ல, கடைசியில் அரைத் தேக்கரண்டி விடுவதற்கு. நல்லெண்ணெயில் அந்த மணம் வராது. சிவக்க வறுத்த எள்ளைக் கையால் நசுக்கித் தூவினால் ஓரளவு வரும்.

14. பாஸ்தா வாங்கும்போது பின்னட்டையைப் படியுங்கள். துரம் கோதுமை ரவை என்றிருந்தால் எடுங்கள், மைதா என்றிருந்தால் வைத்துவிடுங்கள். ஆளுக்கு 75 கிராம் போதும், அதற்கு இரண்டு மடங்கு காய். நடுவில் லேசாகக் கடிபடும்போதே வடித்தால் குழையாது, இரத்தச் சர்க்கரையும் மெதுவாக ஏறும். வடிக்கும் முன் ஒரு கரண்டி கஞ்சியை எடுத்துவையுங்கள். பூண்டு, மிளகாய் வதக்கிய எண்ணெயில் அதை ஊற்றிப் பாஸ்தாவைப் புரட்டினால், கிரீமே இல்லாமல் சாஸ் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும்.

15. இந்தோனேசியாவின் கடோ கடோவுக்கு வறுத்த வேர்க்கடலை, புளி, வெல்லம், மிளகாய், பூண்டு எல்லாம் நம் சரக்குதான். தண்ணீர் விட்டு அரைத்து ஒரு கொதி விட்டு, அவித்த பீன்ஸ், முட்டைகோஸ், உருளை, முளைப்பயறு, முட்டைமேல் ஊற்றவேண்டும். பூசணம் பூத்த, சுருங்கிய, கசக்கிற கடலைகளைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அவற்றில் அஃப்ளாடாக்சின் நச்சு இருக்கலாம், வறுத்தாலும் முழுதும் போகாது.

16. கேரட் பொரியல் அலுத்துவிட்டதா? மொராக்கோ பாணியில் துருவிய கேரட்டில் ஆரஞ்சுச் சாறு, சிட்டிகை பட்டைத்தூள், உப்பு, புதினா. அவ்வளவுதான்.

17. ஆலிவ் எண்ணெய் வாங்குவதானால் எக்ஸ்ட்ரா விர்ஜின், சின்ன பாட்டில், கருங்கண்ணாடி. அடுப்புக்குப் பக்கத்து அலமாரி அதற்கு ஆகாது, வெளிச்சமும் சூடும் அதைக் கெடுக்கும். தாளிப்புக்குக் கடலெண்ணெய், மேலே ஊற்ற ஆலிவ் என்று பிரித்துக்கொண்டால் பாட்டில் நாள்படும். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்குள் பாட்டுலிசம் கிருமி வளரும், மணத்தில் எதுவும் தெரியாது.

18. மயோனைஸ் இல்லாமல் சாண்ட்விச் இறங்காது என்கிற வீட்டில் ஏமனின் ஸுக் அரைத்துவையுங்கள். ஒரு கட்டுக் கொத்தமல்லியைக் காம்போடு, நாலு பச்சை மிளகாய், மூன்று பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி வறுத்த சீரகம், இரண்டு ஏலக்காயின் விதை, உப்பு, எலுமிச்சைச் சாறு, இரண்டு கரண்டி எண்ணெய். தண்ணீர் விடாமல் அரைக்கவேண்டும். மல்லிச் சட்னியில் ஏலக்காயா என்று முகம் சுளிப்பவர்களுக்குச் சொல்லாமலே பரிமாறுங்கள். முட்டை, சுட்ட மீன், தயிர் சாதம் எல்லாவற்றுக்கும் சேரும். பச்சைப் பூண்டு இருப்பதால் ஃப்ரிட்ஜிலேயே வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள்.