‘தட்’ வரும் இடமெல்லாம் ‘விச்’ வருமா?

கேள்வி: ‘தி நியூஸ் தட் ஹி பிராட் ஷாக்ட் அஸ்’, ‘தி நியூஸ் தட் ஹி ஹேட் டைட் ஷாக்ட் அஸ்’ என்ற இரு வாக்கியங்களிலும் ‘தட்’டை எடுத்துவிட்டு ‘விச்’ எழுதினேன். முதலாவது சரி, இரண்டாவது தவறு என்கிறார் ஆசிரியர். இரண்டிலும் ‘நியூஸ்’ என்ற பெயருக்குப் பின்னால்தானே சார்பு வாக்கியம் வருகிறது?
- பிளஸ் டூ மாணவி, கும்பகோணம்

பதில்: ஆசிரியர் சொன்னதுதான் சரி. நிற்கும் இடம் ஒன்று. செய்யும் வேலை வேறு. ‘தட்’டை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். ‘ஹி பிராட்’: எதைக் கொண்டுவந்தார்? செயப்படுபொருள் இல்லை. வெளியே நிற்கும் ‘நியூஸ்’தான் அந்தக் காலியிடத்துக்கு உரியது, அதன் சார்பில் ‘விச்’ அங்கே வரலாம். இது ரெலட்டிவ் கிளாஸ். எந்தச் செய்தி என்று அடையாளம் காட்டுகிறது.

‘ஹி ஹேட் டைட்’ என்பதில் எதுவும் குறையவில்லை. ‘விச்’சுக்கு அங்கே இடமே இல்லை. எந்தச் செய்தி என்று அது பிரித்துக் காட்டுவதில்லை. செய்தி என்னவோ அதையே சொல்கிறது. குவர்க் முதலிய நால்வர் 1985இல் வெளியிட்ட பெரிய இலக்கண நூல் இதை ‘அப்போசிட்டிவ் கிளாஸ்’ என்றது. ஹடில்ஸ்டன், புல்லம் இருவரின் 2002ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் இலக்கணம் ‘கன்டென்ட் கிளாஸ்’ என்கிறது. எனக்குப் பின்னதே பிடிக்கும். செய்யும் வேலை பெயரிலேயே தெரிகிறது.

தமிழர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்பு. ‘அவர் கொண்டுவந்த செய்தி’, ‘அவர் இறந்த செய்தி’ இரண்டையும் நாம் பெயரெச்சத்தாலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் நம்மிடமே ஒரு சோதனை உண்டு: ‘என்ற’ போட்டுப் பாருங்கள். ‘அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி’ பொருள் மாறாமல் நிற்கும். ‘அவர் கொண்டுவந்தார் என்ற செய்தி’ வேறு ஏதோ சொல்லும். ‘என்ற’ பொருந்தினால் ‘விச்’ கூடாது.

இன்னொன்று: ரெலட்டிவ் கிளாஸ் எந்தப் பெயரோடும் சேரும். கன்டென்ட் கிளாஸை ஏற்பவை ஃபேக்ட், ஐடியா, ரூமர், பிலீஃப், கிளெய்ம் போன்ற சில பெயர்களே. நாற்காலிக்கும் புத்தகத்துக்கும் அது ஒட்டாது.

காலியிடத்தைப் பார்க்கப் பழகினால் வேறு இரண்டு பிழைகளும் போகும். ‘தி புக் விச் ஐ பாட் இட்’ என்பதில் காலியாக இருக்கவேண்டிய இடத்தை ‘இட்’ அடைத்துவிட்டது. ‘தி ஹவுஸ் விச் ஐ லிவ்ட்’ என்பதில் ‘இன்’ விடுபட்டிருக்கிறது. ‘நான் வசித்த வீடு’ என்னும்போது நமக்கு வேற்றுமை உருபு தேவைப்படுவதில்லை. ஆங்கிலத்துக்கு ‘இன்’ வேண்டும். ‘தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்ட்’ என்றோ ‘தி ஹவுஸ் ஐ லிவ்ட் இன்’ என்றோ எழுதுங்கள்.