சேற்றோரத்து மயிலுள்ளான்

நுழையும்முன்

ஏரி என்றதும் நம் கண்கள் நீர்ப்பரப்பின் நடுவையே நாடுகின்றன. நீரும் நிலமும் கலந்து கிடக்கும் சேற்றோரத்தை நாம் பொருட்படுத்துவதில்லை. அவ்வோரத்தையே வாழிடமாகக் கொண்ட கூச்சமிகு பறவை ஒன்றைப் பற்றியது இப்பாடம்.

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை திருமணிமுத்தாறாகச் சேலத்தைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கிறது. அவ்வழியெங்கும் ஏரிகள் உள்ளன. ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் இராஜவாய்க்கால், பரமத்தி வேலூர்ப் பகுதியின் நெல்லையும் வாழையையும் வெற்றிலைக் கொடியையும் வளர்க்கிறது. ஏரியின் உள்வாயில் நீர் வற்றும்போது வெளிப்படும் சேறும், அதில் முளைக்கும் கோரையும் சம்பும், நெல்வயலின் நனைந்த வரப்போரமுமே மயிலுள்ளானுக்கு ஏற்ற இடங்கள்.

பகலெல்லாம் கோரைக்குள் அசையாமல் நிற்கும் இப்பறவை, அந்தியிலும் விடியலிலும் வெளிவந்து இரை தேடும். நுனியில் சற்றே கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகைச் சேற்றில் செருகிப் புழு, பூச்சி, நத்தை ஆகியவற்றை உண்ணும், தானியமணிகளையும் பொறுக்கும். நடக்கையில் உடலின் பின்பகுதி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஆள் நெருங்கினால் உடனே பறக்காது, உறைந்து நின்றுவிடும். காலடி மிக அருகில் வந்தபின்னரே எழும்பி, கால்கள் தொங்கச் சிறிது தொலைவு பறந்து, மீண்டும் கோரைக்குள் இறங்கி மறையும். தப்ப வழியில்லாதபோது சிறகுகளை அகல விரித்து, அவற்றிலுள்ள பொன்னிறப் பொட்டுகளைக் காட்டிச் சீறும். பெயரில் மயில் எதற்கு என்பது அப்போது விளங்கும்.

ஆணும் பெண்ணும்

மயிலில் தோகை ஆணுக்கு உரியது. மயிலுள்ளானில் அழகு பெண்ணுக்கு உரியது. கழுத்து செம்பழுப்பு, கண்ணைச் சுற்றி வெண்பட்டை, தோளை ஒட்டி வளைந்தோடும் வெண்கோடு. ஆண் சற்றுச் சிறியது. காய்ந்த கோரையோடு கரைந்துபோகும் சாம்பல்பழுப்பு நிறம் உடையது. துணையை அழைப்பதும் பெண்ணே. இருள் கவியும் வேளையில், வெற்றுப் புட்டியின் வாயில் ஊதினாற்போன்ற ஓசையைத் திரும்பத் திரும்ப எழுப்பும். பெரும்பாலும் நான்கு முட்டைகளை இட்டபின் கூட்டைவிட்டு நீங்கி, அதே பருவத்தில் வேறோர் ஆணை நாடும். தரைக்கூட்டில் ஏறத்தாழ மூன்று வாரம் அடைகாப்பதும், பொரித்த குஞ்சுகளை இரைக்கு நடத்திச் செல்வதும் ஆணின் வேலை. அவ்வாறு நாள்கணக்கில் தரையில் அமர்ந்திருக்கக் கண்ணில் படாத நிறம் வேண்டும் அல்லவா?

சார்லஸ் டார்வின் 1871-இல் வெளியிட்ட ‘மனிதனின் வழித்தோன்றல்’ என்னும் நூலில், பெண்ணே வண்ணம் மிகுந்து விளங்கும் பறவைகளுக்குச் சான்றாக இவ்வினத்தைக் காட்டினார். குஞ்சு வளர்ப்பைத் ‘தாய்மை’ என்றே சுட்டும் நம் மொழிப்பழக்கம் இக்கூட்டின்முன் சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது. பெயரில் உள்ளான் என்றிருப்பினும், குளிர்காலத்தில் வலசை வரும் உள்ளான்களைவிட, மிதக்கும் இலைமேல் நடக்கும் இலைக்கோழியே இதற்கு நெருங்கிய உறவு. அங்கும் அடைகாப்பது ஆண்தான்.

ஓரம் இழந்தால்

இப்பறவை ஆழ்நீரில் இரை தேடாது. வறண்ட தரையும் இதற்கு உதவாது. விரலாழ நீர், குழைந்த சேறு, மறைவிடம் மூன்றும் அடுத்தடுத்து அமைய வேண்டும். ஏரியைத் தூர்வாருதல் தேவையான பணியே. ஆயினும், உள்வாய் முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டி, கரையைச் செங்குத்தாக்கிக் கல் பதித்தால் நீர் மிகும், ஓரம் மறையும். அங்கு நீர்க்காகம் மீன் பிடிக்கும். மயிலுள்ளானுக்குக் கால் ஊன்றவும் இடமிராது.

சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியைப் பொதுமக்கள் சீரமைத்தபோது, அள்ளிய மண்ணால் ஏரிக்குள்ளேயே திட்டுகள் அமைத்து மரம் நட்டனர். மரத்தில் கூடு கட்டும் பறவைகளுக்கு அது பெரும்பேறு. தரையில் முட்டையிடும் மயிலுள்ளானுக்கோ, கோரை மண்டிய சரிவான கரையே முதன்மை.

ஆஸ்திரேலியாவில் வாழும் இதன் நெருங்கிய இனம், ஈரநிலங்கள் வடிக்கப்பட்டமையால் அழிவின் விளிம்பை நெருங்கியுள்ளது. நம் மயிலுள்ளான் அந்நிலையை எய்தவில்லை. எனினும் எண்ணிக்கை குறைந்துவருவதாகவே மதிப்பிடப்படுகிறது. மறைந்தே வாழும் பறவை ஓர் ஏரியைவிட்டு நீங்கிவிட்டதைப் பகலில் தொலைநோக்கியால் மட்டும் அறிய இயலாது. மழைக்குப் பிந்திய மாலைகளில் ஏரிக்கரையில் அமைதியாகக் காத்திருந்து, அப்புட்டியோசை எழுகிறதா எனச் செவிகொடுத்துக் குறித்துவைக்க வேண்டும்.