சுவரில் படியும் ஈரம்: வீட்டின் காற்றையும் வெப்பத்தையும் ஒருங்கே பேணல்

மாரிகாலம் தொடங்கியதும் இங்கிலாந்தின் பல வீடுகளில் ஒரே காட்சி தென்படுகின்றது. குளிர் புகாதபடி யன்னல்கள் யாவும் இறுக மூடப்படுகின்றன. யன்னற் சட்டத்தின் மேற்புறமுள்ள சிறு காற்றுத் துவாரங்கள்கூட ஒட்டுநாடாவால் அடைக்கப்படுகின்றன. எரிவாயுக் கட்டணத்திற்கு அஞ்சி, வெப்பமூட்டி மாலையில் ஓரிரு மணி நேரமே இயக்கப்படுகின்றது. தை மாதமளவில் படுக்கையறை மூலையிலும் அலுமாரியின் பின்புறத்திலும் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. பணத்தை மிச்சப்படுத்தச் செய்த இவ்விரு காரியங்களும் சேர்ந்தே அப்புள்ளிகளை வரவழைத்தன என்பதைப் பலர் அறிவதில்லை.

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்றால் அது இயலாது. 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9 கிராம் அளவே. சமையலறையிலிருந்து பரவும் ஈரக்காற்று, வெப்பமூட்டப்படாத படுக்கையறையின் வெளிச்சுவரைத் தொடும்போது, தாங்க இயலாத மிகுதி நீராகிச் சுவரில் படிகின்றது. அந்த ஈரத்திலேயே பூஞ்சணம் வேர்கொள்கின்றது. 20 பாகை வெப்பமும் 60 சதவீத ஈரப்பதனும் உள்ள அறையில், ஏறத்தாழ 12 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பும் நனையும். நடுவே இடைவெளியின்றிக் கட்டப்பட்ட பழைய செங்கற் சுவர்கள் மாரிகாலத்தில் அந்நிலையை எளிதில் அடைகின்றன. தமிழில் ஈரம் என்னும் சொல் அன்பையும் குறிக்கும். இந்நாட்டுச் சுவர்களில் அச்சொல்லுக்கு அத்தகைய இனிமை இல்லை.

இந்த ஈரத்தின் ஊற்றுகள் அன்றாட வாழ்விலேயே உள்ளன. சோறு கொதித்தல், பிட்டும் இடியப்பமும் அவித்தல், குளியல், உறங்குவோரின் மூச்சு ஆகிய அனைத்தும் நீராவியைத் தருகின்றன. எரிவாயு அடுப்பின் சுடரே நீராவியை உண்டாக்கும். அத்துடன் சுவாசக் குழாயை உறுத்தும் நைதரசனீரொட்சைட்டையும் வெளியிடும். ஒருமுறை துவைத்த உடைகளை ரேடியேட்டரின் மீது உலர்த்தினால், ஏறத்தாழ 2 லிட்டர் நீர் அறையின் காற்றிற் கலக்கும். இவற்றுள் எதுவும் குற்றமன்று. வீட்டில் மனிதர் வாழ்ந்தால் ஈரம் உண்டாகவே செய்யும். அது வெளியேற வழியுண்டா என்பதே கேள்வி. சுவரின் மேற்பகுதியிற் காற்றுத் துவாரம் வைத்துக் கட்டிய ஊர் வீடுகளில் இக்கேள்வி எழுந்ததேயில்லை.

யன்னலைத் திறந்தால் வெப்பமெல்லாம் போய்விடும் என்பது பரவலான அச்சம். கணக்கிட்டுப் பார்த்தால் அச்சம் பெரிது, இழப்புச் சிறிது. 30 கன மீட்டர் கொண்ட ஓர் அறையின் காற்று முழுவதும் வெளியேறி, 5 பாகைக் குளிர்காற்று உட்புகுந்தாலும், அதனை மீண்டும் 20 பாகைக்குக் கொண்டுவர 0.15 கிலோவாட் மணி வெப்பமே தேவை. எரிவாயுக் கட்டணத்தில் அது ஏறத்தாழ ஒரு பென்னி. வெப்பத்தின் பெரும்பகுதி சுவர்களிலும் தளபாடங்களிலும் சேமிக்கப்பட்டிருப்பதால், எதிரெதிர் யன்னல்களைப் பத்து நிமிடம் அகலத் திறந்து மூடினால் அறை விரைவில் தன் வெப்பத்தை மீளப் பெறும். மாறாக, ஒரு யன்னலை நாள் முழுவதும் சிறிது திறந்து வைத்துக்கொண்டே வெப்பமூட்டியை இயக்குவது சுவரையே குளிர்விக்கும். செலவு மிகுந்தது அதுவே.

குளியலறையிலும் சமையலறையிலும் உள்ள வெளியேற்று விசிறியைச் சத்தத்திற்காகவோ செலவிற்காகவோ நிறுத்தி வைப்போர் உளர். 20 வாட் விசிறி ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் மின்செலவு ஒரு பென்னிக்கும் குறைவு. குளித்து முடிந்த பின்னரும் இருபது நிமிடமளவு அது ஓடட்டும். சமைக்கையில் பாத்திரங்களை மூடுவது எரிவாயுவையும் ஆவியையும் ஒருங்கே குறைக்கும். தாளிப்பின் புகைக்கும் இதே விசிறியே வேண்டும். ஊதுவத்தி ஏற்றும்போது யன்னலைச் சற்றுத் திறந்து வைத்தல் நன்று. கரித்தணலில் சாம்பிராணி இடுவதைப் பொறுத்தவரை கண்டிப்பு அவசியம்: மூடிய அறையில் எரியும் கரி, நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு நச்சுவாயுவை வெளியிடும், அது உயிரைக் கொல்லும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, பயன்படும் அறைகள் 18 பாகைக்குக் கீழே செல்லாதிருத்தல் நன்று. ஓர் அறையை மட்டும் மிகச் சூடாக்கி ஏனையவற்றைக் குளிரவிட்டால், ஈரம் குளிர்ந்த அறையைத் தேடிச் செல்லும். அலுமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து சற்று விலக்கி வைக்க வேண்டும். கூரைக்கடியிலும் சுவரிலும் இடப்படும் வெப்பக்காப்பு சுவரின் உட்பரப்பைச் சூடாக வைத்திருப்பதால், கட்டணத்தையும் பூஞ்சணத்தையும் ஒன்றாகக் குறைக்கின்றது. எனினும் இடைவெளிகளை அடைத்துவிட்டுக் காற்றோட்டத்திற்கு வழி செய்யாத வீடு முன்னிலும் மோசமாகும். வெப்பக்காப்பு வேலைக்கு வரும் நிறுவனத்திடம் காற்றோட்டத்துக்கு என்ன ஏற்பாடு என்று முதலிலேயே கேட்க வேண்டும்.

இத்தனையையும் செய்தும் ஈரம் நீங்காத வீடுகள் உள. ஒழுகும் கூரை, உடைந்த பீலி, பழுதான விசிறி, வெப்பக்காப்பற்ற சுவர் ஆகியவற்றை வாடகைக்கு இருப்பவரால் திருத்த இயலாது. றொச்டேல் நகரில் ஒற்றைப் படுக்கையறைக் குடியிருப்பில் வாழ்ந்த அவாப் இஷாக் என்னும் இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. நெடுநாள் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் ஏற்பட்ட சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்மானித்தார். தந்தை 2017 ஆம் ஆண்டிலேயே முறையிட்டிருந்தார். அதன் மேல் வர்ணம் பூசுமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. குடும்பத்தின் வாழ்க்கை முறையைப் பற்றித் தாம் கொண்ட அனுமானங்கள் தவறானவை என்பதை அவ்வீட்டை நிர்வகித்த நிறுவனம் பின்னர் ஏற்றுக்கொண்டது.

அக்குழந்தையின் பெயரால் வழங்கும் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளுக்கு, அதாவது கவுன்சில் வீடுகளுக்கும் வீடமைப்புச் சங்க வீடுகளுக்கும், நடைமுறையில் உள்ளது. உடனடி ஆபத்தெனில் 24 மணி நேரத்துள் விசாரித்து அதனை நீக்க வேண்டும். கடுமையான ஈரமும் பூஞ்சணமும் பற்றி அறியவந்தால் 10 வேலை நாட்களுள் விசாரணை முடிய வேண்டும். அதன் முடிவு 3 வேலை நாட்களுள் எழுத்தில் தரப்பட வேண்டும். விசாரணை முடிந்து 5 வேலை நாட்களுள் வீடு பாதுகாப்பாக்கப்பட வேண்டும். அது இயலாதெனில் மாற்றிடம் வழங்குவது உரிமையாளரின் பொறுப்பு.

தனியார் வாடகை வீடுகளில் வாழ்வோருக்கு 2018 ஆம் ஆண்டின் வாழத்தகு வீடுகள் சட்டம் துணைநிற்கின்றது. வாழத்தகாத வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு எதிராக நீதிமன்றம் செல்லலாம். 2004 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டப்படி, கவுன்சிலின் சுற்றாடல் சுகாதார அதிகாரிகள் வீட்டைப் பார்வையிட்டு, திருத்த வேலை செய்யுமாறு உரிமையாளருக்குக் கட்டளையிடலாம். விலக்குப் பெற்றவை தவிர்ந்த தனியார் வாடகை வீடுகள், மின்வலு எரிவாயுச் சிக்கனச் சான்றிதழில் குறைந்தது 'ஈ' தரத்தையேனும் பெற்றிருக்க வேண்டும்; அச்சான்றிதழை முகவரியைக் கொண்டு எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

வாய்மொழியாகச் சொன்ன முறைப்பாடு பின்னர் நிரூபிக்கக் கடினமானது. திகதியிட்ட புகைப்படங்களுடன் மின்னஞ்சலில் அல்லது கடிதத்தில் எழுதி, பிரதியொன்றை வைத்துக்கொள்ள வேண்டும். படம் எடுக்குமுன் பூஞ்சணத்தைத் துடைத்துவிடலாகாது. விருந்தினர் வருகைக்கு முன் வர்ணம் பூசி மறைப்பது வழக்கமாயினும், வீட்டின் கறைக்கு வாடகையாளர் வெட்கப்பட வேண்டியதில்லை. பிள்ளைக்கு இருமலோ ஈழையோ இருப்பின், மருத்துவரிடம் வீட்டின் நிலையையும் சொல்லி, அவர் தரும் கடிதத்தை முறைப்பாட்டுடன் இணைத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுத இயலாதோர், கவுன்சிலைத் தொடர்பு கொள்ளும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கூறவும்.