படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறீர்களா?

ஆபரேஷன், எலும்பு முறிவு என்று பல நாள் படுத்திருப்பவருக்கு மூச்சும் இதயமும் சீக்கிரம் தளரும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இவற்றைச் செய்யுங்கள்.

1. முதுகுக்குத் தலையணை கொடுத்து, நாளில் பலமுறை நிமிர்ந்து உட்கார வையுங்கள். மல்லாந்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி தேங்கும்.

2. மூன்று பந்து மூச்சுப்பயிற்சிக் கருவி கொடுத்திருந்தால் அலமாரியில் வைக்காதீர்கள். பலரும் அதை ஊதுகிறார்கள், உறிஞ்ச வேண்டும். காற்று உள்ளே போனால்தான் நுரையீரல் விரியும்.

3. கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். காலில் ரத்தம் உறையாமலிருக்க அது உதவும்.

4. சட்டென்று எழுப்பாதீர்கள். காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்தபின் நிற்கட்டும். எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கி, தலை சுற்றி விழுபவர்கள் உண்டு.

5. பெங்களூர்க் குளிரில் தாகம் தெரியாது. தண்ணீரை நீங்களே நினைவுபடுத்திக் கொடுங்கள். குறைந்தால் சளி இறுகும். டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி.

ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். ஜெயதேவா இதய மருத்துவமனைக்குத்தான் போவோம் என்று சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல், பக்கத்திலிருக்கும் அவசரப் பிரிவுக்கு முதலில் போங்கள்.