டிராக்டர் பாட்டரியைக் காக்கும் முறை

உழவு முடிந்து டிராக்டர் கொட்டகையில் சும்மா நிற்கும் காலத்தில்தான் பாட்டரி அதிகம் கெடுகிறது. சார்ஜ் இறங்கிய நிலையில் நாள்பட விட்டுவிட்டால் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. மழை பெய்து மண் பதமாக இருக்கும் நாளில் வண்டி கிளம்பாவிட்டால் பதம் தவறிவிடும்.

15 நாட்களுக்கு ஒரு முறை மூடிகளைத் திறந்து பாருங்கள். தகடுகளுக்கு மேல் 10 முதல் 15 மி.மீ. வரை திரவம் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரோ ஆசிடோ கூடாது.

12 வோல்ட் பாட்டரியின் ஆறு அறைகளையும் ஹைட்ரோமீட்டரால் தனித்தனியே சோதியுங்கள். நீர் ஊற்றியவுடன் சோதித்தால் அளவு தவறாகக் காட்டும். 1.240 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. 1.200க்குக் கீழே இறங்கினால் உடனே சார்ஜ் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகும் ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாக இருந்தால் அந்த அறை பழுது என்று அறியலாம்.

வண்டியை நெடுநாள் நிறுத்துவதானால் எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். திரும்ப இணைக்கும்போது அதைக் கடைசியாக இணைக்க வேண்டும். மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள். அப்போது எரியக்கூடிய வாயு வெளிவரும். அருகில் பீடி, தீக்குச்சி ஆகாது.